நோட்டின் வலது பக்கம்

ரஹீமாக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் காதில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன், காலடியில் பதிவை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெடல், எதிரே கம்ப்யூட்டர். பாகூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மாணவிக்காக அவர் எடுத்துத் தந்த பேட்டியை நான் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று அவர் யாரையோ கேட்ட இடத்தில் என் செல்போன் அதிர்ந்தது. வில்லியனூரிலிருந்து அவருடைய தம்பி இஸ்மாயில்.

"கலையக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க. காலைத் தொழுகைக்கு எழுந்து வரலன்னு போயி பாத்தேன். அப்புடியே இருக்காங்க. நீங்க கிளம்பி வாங்க."

பெடலிலிருந்து காலை எடுத்தேன். அவர் குரல் நின்றது.

அழுதுகொண்டே எழுதும் அஞ்சலி இது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழ வேண்டியதை அன்று வில்லியனூர் போகும் பஸ்ஸில் அழுது முடித்துவிட்டேன். இப்போது இருப்பது கோபம். அதோடுதான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

அறியாதவர்களுக்காக: ரஹீமா பீவி, வயது ஐம்பத்திரண்டு, வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அத நான் கேக்கற ஆளு, சொல்ற ஆளு இல்ல" என்பார். பதினைந்து வருடங்களுக்கு மேல் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் கிராமங்களில் ஆய்வுகளுக்காகப் பேட்டி எடுத்தவர். ஊரில் எத்தனை வீடு, எத்தனை மாடு என்று எண்ணிக்கொண்டு போகும் ஆய்வு ஒரு வகை. ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஏன் அப்படி, எப்படி அது நடந்தது என்று ஒருவரையே ஒன்றரை மணி நேரம் பேசவிடுவது இன்னொரு வகை. ரஹீமாக்கா இரண்டாவது வகை. அவர் கொண்டுவந்த பேச்சை வைத்துப் பலர் பட்டம் வாங்கினார்கள், சிலர் மாநாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். அவர் பெயர் எந்த அறிக்கையின் அட்டையிலும் இல்லை. "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வரும். அதற்குள்தான் அவரைத் தேட வேண்டும்.

நான் அவருடைய எழுத்தர். அவர் பதிவு செய்து வருவதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வது என் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையை அவரே சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஒரு ஆய்வுக் குழு காகிதமும் பேனாவுமாகக் கடைத்தெருவுக்கு வந்தது. குக்கர் பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரரு" என்றாராம் அந்தப் பெண். எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண் குக்கரை மூடித் திறந்துகொண்டே அரை மணி நேரம் வேறு ஒரு கதை சொன்னார். அது என்ன கதை என்று ரஹீமாக்கா என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குழுவைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய், "நின்னுகினு கேட்டா நின்னுகினே பதில் சொல்வாங்க. குந்தி கேளுங்க. குந்தறதுக்கு நேரமில்லன்னா கேக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். மறுவாரமே அந்த நிறுவனம் அவரை வேலைக்குக் கூப்பிட்டது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் அதே நிறுவனத்தில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், எங்கள் முதல் சண்டை அவருடைய முதல் பதிவிலேயே வந்தது. பேட்டி என் சொந்த ஊரான செலியமேட்டில். பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. குரல் மட்டும் என் காதுக்கு வரும். ஓர் இடத்தில் ரஹீமாக்கா, "அன்னிக்கு உங்க கூட யாரு இருந்தாங்க?" என்று கேட்கிறார். பதில் இல்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பெடலை அழுத்தி அந்தக் காலியான இடத்தைத் தாண்டி, பேச்சு வந்த இடத்திலிருந்து அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். அதுவரை நாங்கள் இரண்டு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

"இந்த எடத்துல அந்தம்மா பேசல. அது எங்க காணோம்?"

"பேசாதத எப்புடி அடிக்கறது?"

"பேசலன்னு அடி. எவ்ளோ நேரம் பேசலன்னும் அடி. நாப்பது நொடி சும்மா இருந்தாங்க. நானும் சும்மா இருந்தேன். அதுக்கப்புறம்தான் விஷயமே வந்துது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானும் அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். "அப்ப ஃபேன் ஓடற சத்தத்தையும் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கேட்டா அடி. இன்னா போச்சு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நக்கலாகக் கேட்டதை நானே பிறகு வேலையாகச் செய்யத் தொடங்கினேன். மூன்று நொடிக்கு மேல் பேச்சு நின்றால் அதன் நீளத்தைக் குறித்தேன். சிரித்தால் சிரிப்பு, மூக்கை உறிஞ்சினால் அது. குக்கர் விசில், கோழி, தெருவில் போகும் மீன்காரர், எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். ஆய்வாளர்கள் படித்துவிட்டு, அந்த வீட்டுக்குள் போய் வந்தது போல இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரஹீமாக்காவின் வேலை முறையை நான் பார்த்ததே இல்லை, கேட்டதுதான். சோரியாங்குப்பத்தில் ஒரு கரும்பு விவசாயியின் மனைவியைப் பேட்டி காணப் போனார். வீட்டுக்காரர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு இன்னா தெரியும்? என்னாண்ட கேளுங்க" என்கிறார். வேறொருவராக இருந்தால் வாதாடியிருப்பார், அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்திருப்பார். ரஹீமாக்கா ரெக்கார்டரை அவர் பக்கம் திருப்பிவைத்து, "சொல்லுங்கண்ணே" என்றார். அவர் சொன்னார். கரும்பு, போர்வெல், பங்காளிச் சண்டை, ஆலை லாரி வராத கதை. ஒரு மணி நேரம். அதையும் ஒரு சொல் விடாமல் அடிக்க வேண்டியவள் நான். ரஹீமாக்காவைத் திட்டிக்கொண்டே அடித்தேன். கடைசியில் பேசிப் பேசி அவருக்கே அலுத்துப்போய், மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். செருப்புச் சத்தம் தூரமாகப் போகிறது. ஆறு நொடி அமைதி. பிறகு அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண்ணின் குரல்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"அப்ப எழுதிக்கோ."

இன்னொரு பழக்கமும் உண்டு. பேசுகிறவரின் உண்மைப் பெயர் அறிக்கையில் வராது என்பது எல்லா ஆய்விலும் உள்ள விதி. நிறுவனத்தில் எல்லோரும் எண் கொடுப்பார்கள். ரஹீமாக்கா எண் கொடுக்க மாட்டார். "உங்களுக்கு வேற பேரு வெக்கணும். இன்னா பேரு வெச்சிக்கறீங்க?" என்று அவர்களையே கேட்பார். நடவு நட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, "கலெக்டரு" என்றார். ஒருவர், தன் மகளுக்கு வைக்க ஆசைப்பட்டு மாமியார் விடாமல் போன பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலே மாறியது. வைத்த பெயரையும் உண்மைப் பெயரையும் அவர் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். பக்கத்தின் நடுவே கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் வைத்த பெயர், வலது பக்கம் உண்மைப் பெயர். அதை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

முடிக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார். "நான் கேக்காம வுட்டது ஏதாச்சும் இருக்கா?" அதைக் கேட்டுவிட்டு உடனே ரெக்கார்டரை அணைக்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு.

பிரசவ அறைகளில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்தது. எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் பேசினார்கள். வலியில் கத்தியதற்காகத் தொடையில் அறை வாங்கியதை, பிள்ளை பெறும்போது மட்டும் கத்தத் தெரிகிறதா என்று கேட்கப்பட்டதை, அடக்கிய குரலில் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே கூட்டித் துடைக்கும் வேலை பார்த்த ஒருவரும் பேசினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மகாராணி. "ஒரு நாளாச்சும் எவனாச்சும் அப்புடி கூப்புடட்டுமே" என்று சொல்லிச் சிரித்தார்.

மற்றவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். மகாராணி, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வருடக்கணக்கில் பார்த்ததைச் சொன்னார். யார், எந்த மாதிரி, எத்தனை தடவை. அது வெளியே தெரிந்தால் மறுநாளே அவருக்கு அங்கே வேலை இருக்காது. இதை அவரே பேட்டியின் தொடக்கத்தில் சொன்னார். "என் பேரு வெளிய வந்துச்சின்னா என்னை நிறுத்திடுவாங்க. அந்த வேல போச்சின்னா எனக்கு வேற நாதி இல்ல." அதற்கு ரஹீமாக்கா, "வராதும்மா. நான் இருக்கேன்" என்றார்.

அன்று நான் மிக நன்றாக வேலை செய்தேன். மகாராணியின் ஒவ்வொரு பெருமூச்சையும் அளந்தேன். பேட்டி அவர் வீட்டில் நடந்தது, நடுவே ரயில் போனது. அடைப்புக்குறிக்குள் ரயில் என்று அடித்தேன். இன்னொரு சத்தமும் இரண்டு முறை கேட்டது. அதையும் அடித்தேன். அந்த இரண்டாவது சத்தம் என்னவென்று இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

அறிக்கையின் பின்னிணைப்பில் அந்தப் பேட்டி முழுவதும் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. ஆனால் ரயிலும் அந்த இரண்டாவது சத்தமும் சேர்ந்து கேட்கும் இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகம் இல்லை என்பது, படித்துப் பார்த்த ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்குப் புரிந்துவிட்டது. அங்கே வேலை செய்பவர்களில் அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் யார் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

இயக்குநரின் அறைக்கு ரஹீமாக்காவையும் என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் நான் அடித்த பக்கங்கள். என் அடைப்புக்குறிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. அதைப் பார்த்தவுடனேயே அந்த வேலைக்காரப் பெண்ணை நானே கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

"இந்த ரயில் சத்தம் எங்கே கேட்டது, ரஹீமா?" என்றார் இயக்குநர்.

"ரயில் போற எடத்துல சார். எங்க வூட்லயும்தான் கேக்குது. வேணும்னா நான்தான் மகாராணின்னு எழுதிக்கோங்க."

"விளையாடாதீர்கள். பெயர் நோட்டு எங்கே? அலுவலக அலமாரியில் வைத்திருக்க வேண்டும்."

"வெக்கல சார். அலமாரி சாவி நாலு பேருகிட்ட இருக்கு."

"நாளைக்குக் கொண்டுவாருங்கள்."

"கொண்டாற மாட்டேன்."

ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "சிஸ்டர், யாரையும் ஒன்றும் செய்யப்போவதில்லை. விசாரிக்கத்தான் கேட்கிறோம்."

"விசாரிங்க சார், வேணாம்னு சொல்லல. அடிச்சவங்கள விசாரிங்க. சொன்னவங்கள எதுக்கு விசாரிக்கறீங்க?"

அந்த அறையில் எவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். பழக்க தோஷம், மனதுக்குள் எண்ணினேன். பதினேழு நொடி.

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். நோட்டை ஒப்படைக்கவில்லை என்றால், ஆவணங்களை விதிப்படி பராமரிக்காத குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கம். ரஹீமாக்கா அந்த வாரம் முழுக்க வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வழக்கம்போல என் தொக்கைப் பிடுங்கித் தின்றார். ஏழாம் நாள் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். நோட்டு வரவில்லை. அவர்கள் அதற்குப் பிறகும் பல மாதங்கள் அவருக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை கடைக்கே ஆள் வந்தது. அந்த மூன்று பேரின் வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் வேலையை விடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன பிறகு இரண்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியேறிய அன்று பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். "அக்கா, அந்தச் சத்தத்த நான்..." என்று ஆரம்பித்தேன். "பஸ் வருது பாரு, ஏறு" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் பழகினோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்ட மனிதர் என்னிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை.

வேலை போனதும் முடங்கிவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் காலையில் தம்பிக்குக் கடையில் ஒத்தாசை செய்தார், மதியம் பாகூர் பஸ்ஸைப் பிடித்தார். ஆய்வு செய்யும் மாணவர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். பேட்டி எடுத்துத் தருவார், பதிவை எனக்கு அனுப்புவார். பெரிய நிறுவனம் ஒன்று மறுபடி கூப்பிட்டபோது, பேசியவர்களின் செல்போன் எண்ணைச் சரிபார்க்கத் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். "என்னை நம்பலன்னா என்னை வெச்சிக்காதீங்க. அவங்க என்னை நம்பினதாலதான் பேசினாங்க" என்று பதில் சொல்லிவிட்டு, அந்த வேலை வேண்டாம் என்று வந்துவிட்டார். உடம்பில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தன. மாத்திரையை மறந்துவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, சாப்பிடவில்லை என்று தைரியமாகச் சொல்வார்.

மகாராணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் வேலை போகவில்லை. அதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு சொல் வராது.

அன்று நான் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தியிருந்தார்கள். உள்ளறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். உறவுக்காரர்கள், கடைத்தெருப் பெண்கள், நெற்றியில் விபூதியோடு வந்தவர்கள், மாதா கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பலர் யாரென்று இஸ்மாயில் குடும்பத்துக்கே தெரியவில்லை. எனக்கும் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவராக வாய் திறக்கத் திறக்க குரலை வைத்தே எனக்கு ஆள் தெரிந்தது. கலெக்டர் வந்திருந்தார். மாமியார் விடாத பெயர்க்காரர் வந்திருந்தார். "நாம பேசினா குறுக்க பேச மாட்டாங்க" என்று யாரோ யாரிடமோ சொன்னார், அந்தக் குரலைச் சோரியாங்குப்பம் பதிவில் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அவர்களுடைய பெருமூச்சின் நீளம்கூட எனக்குத் தெரியும்.

அவருடைய மைய்யத்தை அடக்கத்துக்கு எடுக்கும் நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். அந்தக் குரலை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்திருப்பேன். என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்கும் அளவுக்கு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பினால் முகம் தெரிந்துவிடும். ஆண்கள் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு, பின்னால் இருந்தவர்கள் எழுந்து போகும் வரை காத்திருந்து, பிறகுதான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். இஸ்மாயில் என்னைக் கடைக்குள் கூட்டிப்போய் மேல் அடுக்கில் இருந்த ஒரு பித்தளை அண்டாவைக் காட்டினார்.

"இத எத்தினி பேரு பிரியாணிக்கு வேணும்னு கேட்டாங்க தெரியுமாக்கா? விக்கலாம்னு ஏணில கால் வெச்சா அக்கா மொறைக்கும். கடைலயே பெரிய அண்டா, விக்கக்கூடாதாம்."

ஏணி போட்டு இறக்கினார். உள்ளே துணியில் சுற்றி அந்த நீள நோட்டு. நான் தொடத் தயங்கினேன். "நீங்களே பாருங்க. எனக்கு பயமாகீது" என்றார்.

திறந்தேன். இடது பக்கம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன. கலெக்டர். மழை. மகாராணி. பக்கம் பக்கமாக. நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. வலது பக்கம், மேலே உண்மைப் பெயர் என்று தலைப்பு. அதற்குக் கீழே எதுவும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஓர் எழுத்துகூட இல்லை.

இஸ்மாயில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "காலி நோட்டுக்கா வேலைய வுட்டாங்க? இத தூக்கி மூஞ்சில காட்டிட்டு வந்திருக்கலாமே."

காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அங்கே, அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. நோட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநிமிடம் அவர்கள் அந்த மூன்று வீட்டுக் கதவையும் தட்டியிருப்பார்கள். பெயர் நோட்டுக்குள் இருக்கிறது என்று நம்பிய வரைக்கும் அவர்கள் ரஹீமாக்காவைத்தான் துரத்தினார்கள். தான் துரத்தப்படுவதற்காகவே அவர் அதை ஒளித்துவைத்தார். காலி நோட்டை அண்டாவுக்குள் வைத்துக் காவல் காத்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுவனத்திலிருந்து ஒருவர் கடைவாசலில் செருப்பைக் கழற்றினார். பழைய பேட்டிகளை வைத்துப் புதிய ஆய்வு ஒன்று தொடங்குகிறதாம். அவர் புதிதாக வந்தவர், மரியாதையானவர். துக்கம் விசாரித்துவிட்டு, அம்மாவிடம் நிறுவனத்துக்குச் சொந்தமான பதிவேடு ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டோம் என்றார். நோட்டு என் கையில்தான் இருந்தது. இஸ்மாயில் என்னைப் பார்த்தார்.

"இதுதான்" என்றேன். "தர மாட்டோம்."

"அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா?"

"பேருங்க இருக்கு."

அவர் எழுதிக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்கட்டும். அந்தக் கடிதம் இஸ்மாயிலின் கடைக்கு வர வேண்டாம் என்பதற்காகத்தான் வலது பக்கம் காலி என்பதை இங்கே, எல்லோரும் பார்க்க, எழுதுகிறேன். நிறுவனத்துக்காரர்களே, அந்தக் கடையில் இனி உங்களுக்கு ஒன்றும் இல்லை. அண்டாவையும் விற்றாகிவிட்டது. எந்த வீட்டுக் கதவையும் தட்டும் வேலையும் வேண்டாம். அந்தப் பட்டியல் வேறு ஓர் இடத்தில், என் காதில் இருக்கிறது. கூட்டத்தில் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் ஒவ்வொரு குரலையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். தேடுவதானால் என்னைத் தேடி வாருங்கள். என் வீடு செலியமேடு, பஸ் நிறுத்தத்தில் கலைச்செல்வி என்று கேட்டால் காட்டுவார்கள். வந்து குந்திக் கேளுங்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் முடியும்.

வீட்டுக்கு வந்து, பாதியில் விட்ட அந்தக் கடைசிப் பதிவை முடிக்க உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்ததும் ரஹீமாக்கா விட்ட இடத்திலிருந்து பேசினார். இருபது நிமிடம் இருந்தது. முடிவில் வழக்கமான கேள்வி வந்தது. "நான் கேக்காம வுட்டது ஏதாச்சும் இருக்கா?"

"ஒன்னும் இல்லம்மா" என்றது எதிர்க்குரல்.

இருக்கிறது அக்கா. ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தத்தை ஏன் அடித்தாய் என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டா அடி என்று என்றைக்கோ சொன்னதற்காகப் பழியை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அது உங்கள் பழி அல்ல. என் காது எவ்வளவு கூர்மையானது என்று மேலே இருப்பவர்கள் பார்த்து மெச்சட்டும் என்றுதான் அடித்தேன். பேசுகிறவர் எனக்கு அப்போது ஒரு குரலாக மட்டும் இருந்தார், அவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை மறந்துபோனேன். இவ்வளவுதான் பதில். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று, அதைக் கேட்க நீங்கள் இல்லை.

ரெக்கார்டரை அணைக்காமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தது பதினொரு நொடி. கடைசி வரியில் அதைக் குறித்தேன். அந்தப் பதினொரு நொடிக்குள் பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது, என்ன சத்தம் என்றும் தெரிந்தது. அதை அடிக்கவில்லை.

போய் வாருங்கள், ரஹீமாக்கா.